தக்கியாவின் வாயிலில் வீழ்ந்த காளை

சபிர் மலையின் தோளிலும் மார்பிலும் படிப்படியாய் ஏறிச் செல்லும் கழனிகள் உச்சிவெயிலில் வெளிறிக் கிடக்க, அம்மலையடியில் கூரை இழந்த மாடங்களும் சுவர் துளைபட்ட மனைகளுமாய்ச் சாய்ந்து நிற்கும் தைசு நகரம், விடியல் தொட்டு அதிர்ந்த வெடியோசை மெல்ல ஓய, பள்ளிவாசல்களின் தொழுகை அழைப்பு ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து அடங்க, புழுதி தெருவிற் படிய, பூனைகள் மதில்மேல் வந்தமர, ஆழ்ந்ததோர் அமைதியுள் அமிழ்ந்தது. இவ்வமைதி இறையச்சத்தால் விளைந்ததென்றோ இரக்கத்தால் வந்ததென்றோ எண்ணி உருகிவிடாதீர், கற்றறிந்த அன்பரே! நகரைக் காத்து நின்றோரும், கிழக்கு முகட்டில் ஏறி நகரை முற்றுகையிட்டிருந்தோரும், ஒரே வேளையில் படைக்கலங்களைச் சாத்திவைத்துவிட்டு, பிற்பகல் முழுதும் கன்னத்தில் அதக்கி மெல்லுதற்குரிய காத் தழையை வாங்கச் சந்தைக்குப் போய்விட்டனர் என்பதே உண்மை. நாடாள்வோர் கூடிக் கூடிப் பேசியும் வாராத போர்நிறுத்தத்தை ஒரு கட்டுத் தழை நாள்தோறும் மூன்று நாழிகை எங்களுக்குக் கொணர்ந்து தந்தது.

அம்மூன்று நாழிகையில்தான் எங்கள் ஊரில் பிழைப்போர் பிழைத்தனர். நகருக்கும் முகட்டுக்கும் இடையே வறண்டு கிடந்த ஓடையின் வழியே, முகட்டுச் சிற்றூர்களில் காயமுற்ற உழவரும் பேறுகால நோவில் துடித்த பெண்டிரும் கட்டிலோடு சுமந்து கொணரப்பட்டனர். அறுத்துத் தைக்கும் மருத்துவர் அவர்கள் பக்கம் ஒருவரும் இலர். மலைக்கு அப்பாலிருந்து வரும் உயிர்வளி உருளைகளும் கழுதை முதுகில் அவ்வழியே வந்தன. அவ்வேளையில் அவ்வோடையை நோக்கி எவரும் சுடுவதில்லை என்னும் எழுதப்படாத ஒழுங்கை இரு திறத்தாரும் ஈராண்டு காத்தனர். நான் நிலநூல் கற்பித்த பள்ளியின் நிலவறையே மருத்துவமனையாகியிருந்தது, தொடையெலும்பு முறிந்து, நான் பாடம் சொன்ன அறைக்கு நேர்கீழே பதினேழாம் கட்டிலில் நாற்பது நாள் கிடந்தேன் ஆதலின், இனிச் சொல்லப் போவதில் நான் காணாதது உண்டு, கேளாதது இல்லை.

அம்மருத்துவமனையைத் தாங்கி நின்றவள் தக்கியா என்னும் மருத்துவர். முப்பத்தாறு அகவையினள், சொற்சுருக்கமும் முன்கோபமும் உடையவள், கையுறையைக் கழுவி உலர்த்தி மறுபடி அணிந்தும், விளக்கு அணைந்தபோது கைப்பேசி ஒளியில் தைத்தும், பகைவர் நண்பர் என்று வினவாமல் வந்தோர்க்கெல்லாம் வாயில் திறந்தவள். அவள் கணவன் முக்பில், பருத்த உடலும் பெருத்த சிரிப்பும் கொண்டு, ஒரு சாம்பல் நிறக் கழுதையை ஓட்டி உயிர்வளி உருளைகளைக் கொணர்பவன். முகட்டில் காவலுக்கு எஞ்சியிருந்து தொலைநோக்கி வழியே ஓடையைப் பார்க்கும் துப்பாக்கிக்காரனுக்கும் இவனுக்கும் இடையே, ஒருவர் பெயர் ஒருவர் அறியாமலே, ஒரு விளையாட்டு முளைத்திருந்தது. ஓடையின் நடுவே நின்று, தழையால் புடைத்த தன் கன்னத்தை முக்பில் இருமுறை தட்டிக் காட்டுவான். நான் மென்றுகொண்டிருக்கிறேன், நீ தொடங்கினாயா என்பது அதன் பொருள். முகட்டில் கண்ணாடித் துண்டு ஒன்று மின்னி மறையும்.

பிறைதான் அவனைக் கொன்றது. நாடு இரண்டானபின் வானமும் இரண்டாயிற்று. நோன்பு மாதத்துப் பிறையை முகட்டார் திங்கள் மாலையே கண்டதாக அறிவித்தனர், நகரத்தார்க்கோ அது செவ்வாய் மாலைதான் தோன்றிற்று. ஆகவே அச்செவ்வாய்க்கிழமை நண்பகலில் முகட்டில் முதல் நோன்பு. தழை இல்லை, சந்தை இல்லை, சாத்திவைத்த துப்பாக்கியும் இல்லை. இதை அறியாத முக்பில், நோன்புக்கு முன் எஞ்சிய கடைசி நாள் இதுவென்று இருமடங்கு தழையை அதக்கிக்கொண்டு, உருளையேற்றிய கழுதையோடு ஓடைக்குள் இறங்கி, நடுவில் நின்று, வழக்கம்போல் கன்னத்தைத் தட்டிச் சிரித்தான். ஒரே குண்டு. பொழுது சாயும்வரை எவரும் அணுக இயலாமல் அவன் அங்கேயே கிடந்தான். உருளை வாராமையால், இரண்டாம் கட்டிலில் மூச்சுக்குத் திணறிய மூவாண்டுச் சிறுமியும் மாலைக்குள் இறந்துபோனாள். உருளையை ஏவுகணை என்று மயங்கிச் சுட்டிருப்பர் என ஊரார் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டனர்.

எங்கள் குலவழக்கில், கொலையுண்டவன் வீட்டார் பழி தீரும்வரை இரங்கல் ஏலார். துயர்வீட்டில் ஊற்றும் கசப்புக் காப்பியும் ஊற்றார். துணியால் தலை போர்த்து அழ வந்த அண்டைவீட்டுப் பெண்களைத் தக்கியா வாயிலிலேயே நிறுத்தினாள்.

"அழுதுடும்மா. உள்ளயே வச்சுக்கிட்டா நெஞ்சு வெடிச்சுடும்."

"வெடிச்சா நானே தச்சுக்கிறேன். வீட்டுக்குப் போங்க. அழ வேண்டிய நாள் வந்தா நான் ஆள் அனுப்புறேன்."

முக்பிலின் தம்பி நூமான், துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே கொதித்து நின்றான்.

"மதினி, சுட்டவன் எவன்னு மட்டும் தெரியட்டும்."

"தெரிஞ்சா மொதல்ல உனக்குத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் முகட்டைப் பாத்து கண்டபடி சுட்டுக்கிட்டு இருக்காத. ஓடையை மூடிட்டாங்கன்னா அந்தப் பக்கத்துப் புள்ளத்தாச்சிங்களுக்கு நீயா பிரசவம் பாப்ப?"

பத்துத் திங்கள் கழிந்தன. அவள் பழியை மறந்தாள் என்று சொல்வோர் அவள் முகத்தைக் கண்டிலர். ஒருநாள் முற்பகலில் நகரத்தார் எறிந்த குண்டு ஒன்று முகட்டுச் சந்தையில் வீழ்ந்து வெடித்தது; எங்கள் பக்கத்தாரும் தழை வாங்க வந்தோர் நடுவில் குண்டெறிவோரே என்பதை நான் மறைக்கப் போவதில்லை. உச்சிவேளையில் ஓடை வழியே பதினொருவர் வந்தனர். வயிறு பிளந்தோரையும் மார்பு துளைபட்டோரையும் முதலில் மேடையேற்றி, ஏழாவதாக அவள் அழைத்தது தழை வணிகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கைலான் என்னும் முப்பது அகவை இளைஞனை. வலக்கைச் சுட்டுவிரல் அடியெலும்பு முறிந்து, தோல் கிழிந்து தொங்கியது. எனினும் நுனியில் குருதி ஓடிக்கொண்டிருந்தது, அதை மீட்க இயலும்.

மயக்க மருந்து கொடுக்கும் வகீப், அழுவோரையும் சீண்டிச் சிரிக்கவைக்கும் வாய்த்துடுக்கினன்.

"என்னண்ணே, தழை கட்டுற கையா? இனிமே இடது கையால கட்டிப் பழகிக்க."

"எது போனாலும் போகட்டும்ணே, இந்த விரல் மட்டும் போகக் கூடாது."

"பத்து புள்ளைல அது மட்டும் என்ன செல்லப் புள்ள?"

கைலான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். முற்றுகையுள் எங்களுக்கு எட்டிய மயக்க மருந்து ஒன்றே. அது நோவை உறங்கச் செய்யும், நாவை உறங்கச் செய்யாது. அதை ஏற்றுக்கொண்டோர் கண் திறந்தபடியே கனவில் பேசுவர். வகீப் அப்பேச்சுகளைக் கேட்டு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டுவான். அன்று கைலான் பிதற்றியதை மட்டும் அவன் நடித்துக் காட்டவில்லை, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"நாக்கு வறண்டு கெடக்கு... நோன்புடா இன்னிக்கு... அவன் மென்னுகிட்டு நிக்கிறான்... என்னைப் பாத்து கன்னத்தைத் தட்டுறான், சிரிக்கிறான்... நோன்பு புடிச்சவனைக் கேலி பண்றான்... கழுதைக்காரன்தான்... தெரியும், தெரியும் எனக்கு, தெரிஞ்சுதான்... அந்தக் கழுதை போகவே மாட்டேங்குது... போய்த் தொலையேன்..."

தக்கியாவின் கை நின்றது. மயங்கிச் சுட்டான் என்ற ஆறுதல் அக்கணமே அழிந்தது. இருநூறு நாள் கண்ணாடி மின்னி விடைகொடுத்தவன், ஆளை அறிந்து, உருளையை அறிந்து, ஒரு பகல் நோன்பின் சினத்துக்காக அவள் கணவனைக் கொன்றான். அவ்விரலை அவள் நோக்கினாள். துப்பாக்கி விசை உராய்ந்து காய்த்த தழும்பு அதன் முதற் கணுவில் தெளிவாய்த் தெரிந்தது.

"டாக்டரம்மா... கேட்டீங்களா?"

"காது இருக்கு."

"எலும்புவெட்டி அந்தத் தட்டுலதான் இருக்கு. நசுங்கிப்போச்சு, எடுத்துட்டோம்னு ஏட்டுல எழுதிடலாம். நாளைக்கு ஓடையில இறங்குற ஜனமாவது தப்பிக்கும். நான் வேணா செவுத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

அவள் வெட்டியை எடுத்தாள். விரலின் வேரில் அதன் இரு அலகையும் பொருத்தினாள். அழுத்த வேண்டியதொன்றே எஞ்சியது. அழுத்த வேண்டும் என்று அவள் உடல் முழுதும் விரும்பியது. அவ்விருப்பத்தை அவள் பின்னாளிலும் மறைத்ததில்லை. வெளியே கழுதை கத்தும் ஓசையும் சுமந்து வந்தோர் முனகலும் கேட்டுக்கொண்டிருந்தன. பின்பு வெட்டியைத் தட்டில் வைத்தாள்.

"ஊசி குடு."

"பாவம் பாக்குறீங்களா இவனுக்கு?"

"பாவமா? இவனுக்கா? விரலை எடுத்தா என்ன நடக்கும்னு தெரியுமா உனக்கு? நாளைக்குப் பஞ்சாயத்துல கையத் தூக்கிக் காட்டுவான். 'அவ புருஷனுக்குப் பதிலா என் விரலை எடுத்துக்கிட்டா, தீந்துச்சு'ம்பான். பெரியவங்களும் தலையாட்டுவாங்க. முக்பிலுக்கு ஈடு இந்த ஒரு விரலா? தரமாட்டேன். ஒரு நகம்கூடக் கொறையாம முழு ஆளா எனக்கு வேணும் இவன்."

மருத்துவ அறமும் அதில் கலந்திருக்கலாம். அவள் அதைச் சொல்லவில்லை, நானும் அவள்மேல் ஏற்றிச் சொல்லேன். இரண்டு நாழிகைப் பொழுது, தன் வாழ்நாளில் தைத்த தையல்களிலெல்லாம் சிறந்த தையலை, எலும்பில் கம்பி கோத்தும் நரம்பை நரம்போடு சேர்த்தும், அவள் அவ்விரலுக்கே தைத்தாள்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு எழுந்து அமர்ந்த கைலான் கண்கலங்கி வாழ்த்தினான்.

"அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசு தரட்டும். உங்க பேரு என்னம்மா? எங்க வீட்டுப் பொம்பளைங்க உங்க பேரைச் சொல்லி துஆ கேட்கணும்."

"கழுதைக்காரன் பொண்டாட்டின்னு சொல்லு. எல்லாருக்கும் தெரியும்."

அவன் கட்டுப்போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். "அது... போருல நடந்தது..."

"போருல நடக்கல. கன்னத்தைத் தட்டுனான்னு நடந்துச்சு. மயக்கத்துல எல்லாத்தையும் நீயே சொல்லிட்ட. பதினாலாம் நாள் வந்து தையல் பிரிச்சுக்க. கடைசித் தையல் என் கையில வர்ற வரைக்கும் உன் உசுரு என் பொறுப்பு, எவனும் தொடமாட்டான். அதுக்கப்புறம் இல்ல."

அவள் சொன்ன சொல் காத்தாள். நூமானை அழைத்துப் பெயரைச் சொன்னாள். பதினான்கு நாளையும் சொன்னாள். ஓடைக்குள் ஒரு சொட்டுக் குருதியும் வீழலாகாது, வேறெங்கும் தடையில்லை என்றும் சொன்னாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இசைந்தான். ஆனால் அச்செய்தி கட்டில் சுமப்போரோடு ஓடையைக் கடந்து முகட்டூர்களிலும் பரவிற்று. அவ்வூர்ப் பெண்டிரில் எத்தனையோ பேர் முக்பிலின் கழுதைமேல் அமர்ந்தே மகப்பேற்றுக்கு வந்தவர்கள். அவர்கள் கைலானின் தாய்க்குக் கிணற்றடியில் முகம்கொடுக்கவில்லை, அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் தந்தையும் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதைக் கேட்டபோது எங்கள் கூடத்தில் மகிழாதார் எவருமில்லை. நானும் மகிழ்ந்தேன்.

பதினான்காம் நாள் உச்சிவேளையில் கைலான் தனியே வரவில்லை. முகட்டூர்க் குலத்தலைவர் மர்சூக் முன்னே நடக்க, இடைக்குத்துவாள்களைக் கழற்றிக் கையிலேந்திய பதின்மர் பின்னே வர, கொழுத்த செங்காளை ஒன்று இழுத்து வரப்பட்டது. கொலைப்பழி உடையோர், கொலையுண்டவன் வீட்டு வாயிலில் காளையை வீழ்த்தி, தலைப்பாகையைத் தரையில் வைத்து வேண்டுவர். அவ்விறைச்சி வெந்து, அக்கூரையின்கீழ் இருப்போருள் ஒருவர் உண்டாலும் பழி ஆறிற்று, பின் அப்பழியை மீண்டும் எடுப்பார் இலர் என்பது எங்கள் வழக்கு. தக்கியாவுக்கு வீடு இடிந்து மருத்துவமனையே வீடாயிருந்தது. ஆகவே அவள் வெளிவருமுன்பே, எங்கள் படிக்கட்டின் அடியில் காளை முழங்காலிட்டு வீழ்ந்தது. சூடான குருதி வாயிற்கல்லை நனைத்தது. அறநெறி கூறும் அன்பரே, நீவிர் இங்கே ஒன்றை அறிதல் வேண்டும்: அக்கூடத்தில் கிடந்த நாற்பத்து மூவரும் வந்த நாள்தொட்டுத் தேநீரில் தோய்த்த காய்ந்த ரொட்டியன்றி வேறு கண்டிலோம். இறைச்சி இல்லாமல் எங்கள் புண்கள் ஆறாமல் கிடப்பதை எங்களினும் நன்கறிந்தவள் அவளே.

தக்கியா காளையைப் பார்க்கவில்லை. கைலானைப் படியில் அமர்த்தி, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தையலாய்க் கத்தரித்து எடுத்தாள். கடைசி நூல் வந்ததும், "மடக்கு" என்றாள். விரல் நடுங்கி நடுங்கிச் சற்றே வளைந்தது.

"நல்லா வந்திருக்கு. என் வேலை முடிஞ்சுச்சு" என்று எழுந்தாள்.

மர்சூக் தலைப்பாகையை அவள் காலடியில் வைத்தார். "தாயி, நரைச்ச தலை வெறுந்தலையா நிக்குது. தப்பு எங்க மேல. இந்தக் காளைய ஏத்துக்க."

"ஏத்துக்க மாட்டேன். தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்குங்க பெரியவரே, வெயிலு சுடுது."

"உள்ள எத்தன பேரு பட்டினி கெடக்கான்னு எங்களுக்கும் தெரியும். உன் கோவத்துக்கு அதுங்களையும் சேத்து ஏன் வதைக்கிற?"

அச்சொல் அவளைத் தைத்தது. வழிவிட்டு ஒதுங்கினாள்.

"சரி. கோவம் என்னோடது. அவங்க பசி என்னோடது இல்ல. உள்ள போங்க. நீங்களே கேளுங்க. ஒருத்தர் வேணும்னு சொன்னாலும் அடுப்பு மூட்டுங்க, நான் தடுக்கல. அத்தோட எல்லாம் முடிஞ்சதுன்னு நானும் ஒத்துக்கிறேன்."

நூமான் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். நாற்பத்து மூவர் பசியின் கையில் அண்ணனின் குருதியை ஒப்படைத்துவிட்டாள் என்று அவன் எண்ணினான். நானும் அவ்வாறே எண்ணினேன். உரித்த இறைச்சியின் மணம் படிவழியே இறங்கிக் கூடம் முழுதும் நிறைந்தது.

மர்சூக் முதற் கட்டிலுக்குச் சென்றார். இரு காலும் இழந்த ரொட்டிக்காரர் அதில் கிடந்தார்.

"கொஞ்சம் கறி சாப்புடுறியாப்பா?"

"இப்பதான் தலைவரே தேத்தண்ணி குடிச்சேன். பசிக்கல."

அடுத்த கட்டிலில், முகட்டூரிலிருந்தே வந்து மகப்பெற்று, பாலூறாமல் வாடிய இளம்பெண். அவள் அவருக்கு உறவுமுறையும் ஆவாள். "பச்ச உடம்பும்மா. நீயாவது சாப்புடு. நம்ம ஊருக் காளைதான்."

"அதனாலதான் மாமா பசிக்கல."

கட்டில் கட்டிலாய் அவர் நடந்தார். வயிற்றில் குழாய் செருகியவன் பசிக்கவில்லை என்றான். காய்ச்சலில் பிதற்றிக் கிடந்த கிழவர் தெளிந்து எழுந்து அதையே சொன்னார். ஒரு கால் இழந்த ஏழாண்டுச் சிறுமி ஸபாவின் முன் அவர் குந்தி அமர்ந்தார். அவள் வாயிற்படியையே பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தாள். அடுத்திருந்த தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உனக்குக் கண்ணு?"

சிறுமி வாயிற்படியிலிருந்து கண்ணை எடுத்துத் தாயைப் பார்த்தாள். "எனக்கு நேத்தே வயிறு நெறஞ்சுடுச்சு" என்றாள்.

என் முறை வந்தது. என் வயிறு உரக்க முழங்கியது, கூடத்தில் அனைவரும் கேட்டனர், எவரும் சிரிக்கவில்லை. "பசிக்கல தலைவரே" என்றேன். எஞ்சிய கட்டில்களிலும் அதே விடையைக் கேட்டுவிட்டு அவர் வெளியேறினார். வாயிலில் நின்ற தக்கியா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் காளையை நான்காய்க் கூறிட்டுத் தோளில் சுமந்து மீண்டும் ஓடைக்குள் இறங்கினர். பழி ஆறாத கைலான், நன்றாய்த் தைக்கப்பட்ட விரலோடு இறுதியில் நடந்தான். முகட்டிலிருந்து கண்டோர் சொன்னபடி, ஒவ்வொரு பாறையருகிலும் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். அன்றுதொட்டு அவன் தனித்து அமரவோ, கதவு திறந்து உறங்கவோ, தன் பெயரைச் சொல்லவோ துணியாமல் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தான். நூமான் இன்றும் அவனைத் தேடுகிறான். முகட்டில் வேறொருவன் அமர்ந்தான், ஓடை மூடவில்லை, மறுநாளும் முகட்டூரிலிருந்து இரு கட்டில்கள் வந்தன, தக்கியா கழுவி உலர்த்திய கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மன்னித்தலே மாண்பு என்று பாடுவோர் பாடுக. வயிறு நிறைந்தோர்க்கு அது எளிது. ஆறாத புண்ணோடு கிடந்த நாற்பத்து மூவர், எங்களுக்குக் காற்றைச் சுமந்து வந்த ஒருவனுக்காக அன்று கூடிப் பொய்யுரைத்தோம். அவருள் எழுவர் அத்திங்களைக் கடக்கவில்லை, சிறுமி ஸபா அவருள் ஒருத்தி. நாளை இறைவன் என்னை நிறுத்தி, அன்று உனக்குப் பசித்ததா என்று வினவுவானாயின், அவன் திருமுன்னும் அதையே சொல்வேன்: பசிக்கவில்லை.